பிளாஸ்மாவா, எல்சிடியா? கடைக்குப் போகும் முன் வீட்டை அளப்போம்

பெரிய திரைத் தொலைக்காட்சி வாங்கலாம் என்ற பேச்சு வீட்டில் எழுந்துவிட்டால், அடுத்த கேள்வி படிக்கும் பிள்ளையை நோக்கித்தான் வரும். "நீதான யூனிவர்சிட்டியில படிக்கிற. எதை வாங்கலாம்னு நீயே சொல்லு." தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்த குடும்பங்களில் இது இன்னும் அதிகம். வங்கிக் கடிதத்தைப் படித்துச் சொல்வது, உதவித்தொகைக்கு மனு நிரப்புவது, கைத்தொலைபேசியைச் சரிசெய்வது என்ற வரிசையில் மின்சாதனம் தேர்ந்தெடுப்பதும் நம் வேலையாகிவிட்டது. நாம் சொல்லும் ஒரு வார்த்தையை நம்பி அப்பாவும் அம்மாவும் ஆயிரம், இரண்டாயிரம் வெள்ளியை எடுத்துவைக்கிறார்கள். எனவே, தெரிந்து சொல்ல வேண்டும்.

மலாக்காவில் மின்னியல் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் எனக்கு இவ்வாண்டு அந்தப் பொறுப்பு வந்தது. ஜாசினில் இருந்த பெரியப்பா மகனோடு வாழ ஜொகூருக்குப் போகிறார். 2011இல் அவர் வாங்கிய 50 அங்குல பிளாஸ்மா தொலைக்காட்சியை எங்களுக்கு இலவசமாகத் தருவதாகச் சொன்னார். அதே வாரம், நகரத்தில் ஒரு கடையில் 65 அங்குல எல்சிடியைக் காட்டி, "மாசம் 108 வெள்ளிதான், இன்னிக்கே வீட்டுக்கு வந்துரும்" என்றார் விற்பனையாளர். அப்பாவுக்குப் பெரியப்பாவின் பெட்டி மீது ஆசை. தம்பிக்கு 65 அங்குலத்தின் மீது ஆசை. அம்மாவுக்குக் கரண்ட் பில் கவலை. பாட்டிக்கு மத்தியான நாடகம் தெளிவாகத் தெரிந்தால் போதும்.

பிளாஸ்மா இப்போது புதிதாகத் தயாரிக்கப்படுவதில்லை. இருந்தாலும் பழைய பெட்டிகள் உறவினர் வீடுகளிலும் பழைய பொருள் கடைகளிலும் இன்னும் கைமாறுகின்றன. எங்கள் வீட்டைப்போல வேறு வீடுகளிலும் இந்தக் கேள்வி இருக்கும் என்பதால், நான் தேடிப் படித்ததையும் அளந்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன்.

பாட்டிக்குச் சொன்ன விளக்கம்

இடைநிலைப்பள்ளியில் அறிவியலை மலாயிலும், பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்திலும் படித்தவர்கள் நாம். வீட்டில் அதைத் தமிழில் சொல்ல வேண்டும். "ஹப்லூர் செசாயிர்" என்று பாட்டியிடம் சொல்லிப் பயனில்லை. அதனால் விளக்கையும் ஜன்னலையும் வைத்துச் சொன்னேன்.

பிளாஸ்மா திரை என்பது வரிசை வரிசையாக வைத்த அகல்விளக்குகள் போன்றது. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத அளவில் சின்னச் சின்ன அறைகள் இருக்கும். ஒவ்வோர் அறையிலும் நியான், செனோன் வாயுக்கள். மின்சாரம் பாய்ந்ததும் வாயு புறஊதாக் கதிரை வெளியிடும். அந்தக் கதிர் அறையின் சுவரில் பூசியுள்ள பொடியில் பட்டுச் சிவப்பு, பச்சை, நீல ஒளியாக மாறும். நம் வீட்டில் கலிமந்தாங் என்று சொல்லும் குழல்விளக்கும் ஏறக்குறைய இதே முறையில்தான் எரிகிறது; அங்கே செனோனுக்குப் பதில் பாதரச ஆவி. முழு எச்டி திரையில் 1920 x 1080, அதாவது 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று நிறம் என்றால், 62 லட்சம் சின்ன விளக்குகள்!

எல்சிடி அப்படியன்று. பின்னால் எப்போதும் எரியும் ஒரு பெரிய விளக்கு. முன்னால் லட்சக்கணக்கான ஜன்னல்கள். ஜன்னலைத் திறந்து மூடும் வேலையைத் திரவப் படிகம் செய்கிறது. மின்னழுத்தத்தை மாற்றினால் படிக மூலக்கூறுகள் திரும்பும். ஒளி கடந்து செல்லும் அளவும் மாறும்.

"அப்ப கறுப்பு எப்படி வரும்?" என்று பாட்டி கேட்டார். சரியான கேள்வி. பிளாஸ்மாவில் கறுப்பு வேண்டுமென்றால் அந்த இடத்து விளக்கு ஏறக்குறைய அணைந்துவிடும். எல்சிடியில் ஜன்னலை மூட வேண்டும். மூடிய ஜன்னலின் இடுக்கில் கொஞ்சம் ஒளி கசியும். அதனால்தான் இரவுக் காட்சிகளில் சாதாரண எல்சிடியின் கறுப்பு சாம்பல் நிறமாகத் தெரிகிறது. இருட்டு அறையில் பிளாஸ்மா அழகாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

வகுப்புக்காகப் பிறந்த திரை

பிளாஸ்மா திரை முதலில் உருவானது வரவேற்பறைக்காக அல்ல, மாணவர்களுக்காக. அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் 'பிளேட்டோ' என்ற கணினிவழிக் கல்வித் திட்டம் இருந்தது. அதற்கு ஏற்ற திரை தேவைப்பட்டபோது, 1964இல் டொனால்ட் பிட்சர், ஜீன் ஸ்லாட்டோ என்ற இரு பேராசிரியர்களும் ராபர்ட் வில்சன் என்ற அவர்களுடைய மாணவரும் சேர்ந்து பிளாஸ்மா திரையைக் கண்டுபிடித்தனர். அந்தத் திரைகள் ஆரஞ்சு நிறத்தில் மட்டும் ஒளிர்ந்தன.

திரவப் படிகத்தின் கதை இன்னும் பழையது. 1888இல் பிரெடரிக் ரைனிட்சர் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஒரு பொருளைச் சூடாக்கினார். அது 145.5 டிகிரி செல்சியஸில் உருகிக் கலங்கலான திரவமானது, 178.5 டிகிரியில் தெளிவானது. இரண்டு உருகுநிலைகளா என்று வியந்ததில்தான் திரவப் படிகம் என்ற துறையே பிறந்தது. 80 ஆண்டுகளுக்குப் பிறகு, 1968இல், அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் முதல் எல்சிடி திரைகளை உலகுக்குக் காட்டியது. அடுத்து வந்த ஆண்டுகளில் கணிப்பான்களிலும் கைக்கடிகாரங்களிலும் எல்சிடி புகுந்தது.

பெரிய தொலைக்காட்சியில் பிளாஸ்மாதான் முந்தியது. 1997இல் 42 அங்குல பிளாஸ்மா கடைக்கு வந்தபோது அமெரிக்காவில் அதன் விலை ஏறக்குறைய 15,000 டாலர். 2000ஆம் ஆண்டுகளில் "40 அங்குலத்துக்கு மேல் பிளாஸ்மா, கீழே எல்சிடி" என்று கடைக்காரர்களே சொன்னார்கள். ஆனால் எல்சிடிக்கு ஒரு பலம் இருந்தது. மடிக்கணினி, கணினித் திரை, கைத்தொலைபேசி எல்லாவற்றுக்கும் அதே தொழில்நுட்பம். அதனால் தொழிற்சாலைகள் பெருகின, விலை இறங்கியது, அளவும் கூடியது. பிளாஸ்மா தொலைக்காட்சியை மட்டுமே நம்பி நின்றது.

படத்தின் தரத்துக்குப் பெயர் வாங்கிய 'குரோ' பிளாஸ்மாவைச் செய்த பயோனியர், தொலைக்காட்சித் தொழிலை விட்டு விலகுவதாக 2009 பிப்ரவரியில் அறிவித்தது. பானாசோனிக் 2013 டிசம்பரோடு பிளாஸ்மா உற்பத்தியை நிறுத்தியது. சாம்சுங், எல்ஜி இரண்டும் 2014இல் முடித்துக்கொண்டன. படம் மோசம் என்பதால் பிளாஸ்மா தோற்கவில்லை. விலை, எடை, மின்சாரம் ஆகியவற்றோடு இன்னொரு காரணமும் உண்டு. அதுதான் நம் வீட்டுக்கு முக்கியமான பாடம்.

கடை வெளிச்சமும் வீட்டு வெளிச்சமும்

மின்சாதனக் கடையின் கூரையைப் பார்த்திருக்கிறீர்களா? வரிசையாகப் பளீரென்ற விளக்குகள். அந்த வெளிச்சத்தில் பின்விளக்கு உள்ள எல்சிடி மின்னும். பிளாஸ்மா மங்கலாகத் தெரியும். அதன் முன்கண்ணாடியில் கூரைவிளக்குகளும் பிரதிபலிக்கும். அதே இரண்டையும் இருட்டு அறையில் வைத்தால் முடிவு தலைகீழாகும். ஆனால் யாரும் கடையை இருட்டாக்கித் தொலைக்காட்சி விற்பதில்லை.

எனவே பெரியப்பாவின் பெட்டியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு வாரம் வைத்துப் பார்த்தோம். தூக்கவே இரண்டு பேர் வேண்டும். 30 கிலோவுக்கு மேல். இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிட்டுக் காற்பந்து பார்த்தபோது அப்பா அசையவில்லை. பந்து வேகமாக ஓடும்போதும் இழுபடாத படம். புல்லின் பச்சை இயல்பாக இருந்தது. "இதுக்கு மேல என்னா வேணும்?" என்றார்.

மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்குப் பாட்டி நாடகம் பார்க்க உட்கார்ந்தார். எங்கள் வரவேற்பறையின் முன்பக்கம் முழுதும் கண்ணாடிக் கதவு. திரையில் நடிகையின் முகத்துக்குப் பதிலாக எங்கள் வேலியும் அடுத்த வீட்டுக் காரும் தெரிந்தன. திரைச்சீலையை இழுத்து மூடினால் காற்று வராது. வெயில் நேரத்தில் அதைப் பாட்டியால் தாங்க முடியாது. பாட்டி ஒன்றும் குறைசொல்லவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரைக்கு அருகே நகர்த்திக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் ஒரு தாளில் யார் எத்தனை மணி நேரம் பார்க்கிறார்கள் என்று குறித்துவைத்தேன். எங்கள் வீட்டில் தொலைக்காட்சி ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஓடுகிறது. அதில் நான்கு மணி நேரம் பாட்டியுடையது, அதுவும் பகலில். தாளைப் பார்த்த அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அம்மாவுக்குத்தான் டிவி வாங்கணும்" என்றார். ஜாசின் வட்டாரத்துத் தோட்டத்து லயத்தில், ஜெனரேட்டர் மின்சாரம் இருக்கும் சில மணி நேரத்தில், யாரோ ஒருவர் வீட்டுக் கறுப்பு வெள்ளைப் பெட்டி முன்னால் இருபது பேரோடு உட்கார்ந்து படம் பார்த்தவர் பாட்டி. தனக்கென்று ஒரு தொலைக்காட்சி தேர்ந்தெடுக்கப்படுவது அவருக்கு இதுவே முதல் தடவை.

கரண்ட் பில் கணக்கு

"பிளாஸ்மா கரண்டை விழுங்கும்" என்று எல்லாரும் சொல்வார்கள். எவ்வளவு என்று யாரும் சொல்வதில்லை. மின்செருகியில் பொருத்தும் மின்னளவி ஒன்றை இரவல் வாங்கி அளந்தேன். பிளாஸ்மாவில் படத்துக்குப் படம் அளவு மாறுகிறது: இருண்ட காட்சியில் குறையும், வெள்ளைப் பின்னணியில் ஏறும். சராசரி 210 வாட் வந்தது. அடுத்த வீட்டுக்காரரின் 50 அங்குல எல்சிடி 90 வாட்.

வித்தியாசம் 120 வாட். ஒரு நாளைக்கு 6 மணி நேரம், 30 நாள் என்றால் 21.6 கிலோவாட் மணி, அதாவது பில்லில் 21.6 யூனிட். ஒரு யூனிட்டை 40 காசு என்று கணக்குக்கு வைத்தால் மாதம் 8 வெள்ளி 64 காசு. ஆண்டுக்கு ஏறக்குறைய 104 வெள்ளி.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். புதிய 50 அங்குல எல்சிடி எங்கள் வட்டாரத்தில் 1,500 வெள்ளி அளவில் கிடைத்தது. மின்சாரத்தில் மிச்சமாகும் பணத்தால் மட்டும் அந்த விலையை ஈடுகட்ட 14 ஆண்டுகள் ஆகும்! ஆகவே கரண்ட் பில்லுக்குப் பயந்து ஓடுகிற பிளாஸ்மாவைத் தூக்கிப்போட்டுப் புதியது வாங்குவது சிக்கனம் ஆகாது. மற்றக் காரணங்கள் இருக்கின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும்.

எங்களுக்கு இருந்தன. முதலாவது பாட்டியின் பகல்வெளிச்சம். இரண்டாவது வெப்பம்: 210 வாட்டும் கடைசியில் வெப்பமாகத்தான் அறைக்குள் வரும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் ஏறக்குறைய 100 வாட் வெப்பம் விடுகிறார். அதாவது, பிளாஸ்மாவை முடுக்கினால் இரண்டு விருந்தாளிகள் கூடுதலாக வந்து உட்கார்ந்த மாதிரி. மூன்றாவது அம்மா கேட்ட கேள்வி. பத்து பெரண்டாம் தொழிற்பேட்டையில் மின்னணுத் தொழிற்சாலையில் பல ஆண்டுகள் வேலை செய்யும் அம்மா, "கெட்டுப்போனா பார்ட்ஸ் கிடைக்குமா?" என்று மட்டும் கேட்டார். உற்பத்தி நின்று பத்தாண்டுக்கு மேலாகிவிட்டது. திரை போனால் மாற்றுத் திரைக்கு இன்னொரு பழைய பெட்டியைத்தான் தேட வேண்டும்.

நான்காவது, நம் நாட்டில் 2019 அக்டோபர் 31ஆம் தேதியோடு பழைய அனலாக் ஒளிபரப்பு முற்றாக நின்றுவிட்டது. 2011இல் வாங்கிய அந்தப் பெட்டி இலவச அலைவரிசைகளைத் தானாகப் பிடிக்காது. தனியாக டிகோடர் வேண்டும். இன்று கடைகளில் விற்கும் தொலைக்காட்சிகள் பலவற்றில் மின்னிலக்க ஒளிபரப்பை வாங்கும் கருவி உள்ளேயே இருக்கிறது.

தவணை என்ற பெரிய திரை

தம்பி விரும்பிய 65 அங்குலத்தின் ரொக்க விலை 3,000 வெள்ளி. தவணையில் மாதம் 108 வெள்ளி, 36 மாதம். பெருக்கிப் பாருங்கள்: 3,888 வெள்ளி. 888 வெள்ளி கூடுதல். அந்தப் பணத்தில் என் ஒரு பருவத்துப் பாடநூல்களும் பேருந்துச் செலவும் அடங்கும். மாதத் தொகையை மட்டும் சொல்லும் கடையில் மொத்தத் தொகையைக் கேட்பது நம் வேலை. அம்மா அப்பா கூச்சப்பட்டால், நாம் கேட்கலாம்.

65 அங்குலம் எங்களுக்குத் தேவையா என்றும் அளந்தோம். நாற்காலியிலிருந்து திரை இருக்கும் சுவர் வரை 7 அடி, அதாவது 84 அங்குலம். அதை 1.6ஆல் வகுத்தால் ஏறக்குறைய 52. பார்வைக்கு வசதியான அளவுக்கு இது ஒரு பொதுவான கணக்கு. படம் தெளிவான 4கே ஆக இருந்தால் இன்னும் கொஞ்சம் பெரிதாக வைக்கலாம். ஆனால் தெளிவு குறைந்த பழைய படங்களையும் நாடகங்களையும் அதிகம் பார்க்கும் வீட்டில், திரை பெரிதாகப் பெரிதாக மங்கலும் பெரிதாகத்தான் தெரியும்.

முடிவில், நான்கு மாதம் சேர்த்து 50 அங்குல எல்சிடியை ரொக்கமாக வாங்கினோம். தம்பிக்கு இரண்டு நாள் வருத்தம். பெரியப்பாவின் பிளாஸ்மாவும் வீணாகவில்லை. நண்பர்களோடு வாடகைக்கு இருக்கும் என் அத்தை மகன் எடுத்துப்போனார். அவர்கள் பார்ப்பது இரவில் மட்டும், திரைச்சீலை போட்ட அறையில். அங்கே அந்தப் பெட்டி சரியான இடத்தில் இருக்கிறது.

பெயர்கள் மாறின, கேள்வி மாறவில்லை

இன்று கடைக்குப் போனால் எல்இடி, கியூஎல்இடி, மினி எல்இடி, ஓஎல்இடி என்று பெயர்கள் குழப்பும். ஒன்றை நினைவில் வையுங்கள். கடைகளில் வழக்கமாக விற்கும் "எல்இடி டிவி" உண்மையில் எல்சிடிதான். பின்விளக்கு மட்டும் எல்இடி. கியூஎல்இடி என்பது நிறத்தைக் கூட்டும் நுண்துகள் படலம் சேர்த்த எல்சிடி. மினி எல்இடி என்பது பின்விளக்கைப் பல சிறு பகுதிகளாகப் பிரித்துத் தனித்தனியே மங்கச் செய்யும் எல்சிடி.

ஓஎல்இடி மட்டும் வேறு. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். பிளாஸ்மாவின் வாரிசு என்றே சொல்லலாம். பானாசோனிக் பிளாஸ்மாவை நிறுத்திய அதே 2013இல்தான் 55 அங்குல ஓஎல்இடி விற்பனைக்கு வந்தது. பிளாஸ்மாவின் ஆழ்ந்த கறுப்பு அதற்கும் உண்டு; பிளாஸ்மாவின் பலவீனம் ஒன்றும் உண்டு. ஒரே சின்னம் பல மணி நேரம் ஒரே இடத்தில் நின்றால் திரையில் தழும்பு விழக்கூடும். பெரியப்பாவின் பிளாஸ்மாவில் மேல் மூலையில் ஓர் அலைவரிசையின் சின்னம் மங்கலாகப் பதிந்திருந்தது. நாள் முழுதும் ஒரே அலைவரிசை ஓடும் வீட்டில் இதையும் யோசிக்க வேண்டும்.

கடைக்குப் போகும் முன்

1. நாற்காலிக்கும் திரைக்கும் இடையிலான தூரத்தை அளந்து எழுதுங்கள்.

2. ஒரு வாரம் யார், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று குறியுங்கள். அதிக நேரம் பார்ப்பவருக்கு முதல் ஓட்டு.

3. அவர் பார்க்கும் நேரத்தில் ஜன்னல் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள்.

4. வீட்டில் பார்க்கும் படத்தையே ஒரு பென்டிரைவில் கொண்டுபோய்ப் போடச் சொல்லுங்கள். கடைக்கான பளிச்சிடும் அமைப்பை மாற்றி, வீட்டு அமைப்பில் காட்டச் சொல்லுங்கள்.

5. சுருஹான்ஜாயா தெனாகா எனும் எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர முத்திரையைப் படியுங்கள். ஐந்து நட்சத்திரமே அதிகச் சேமிப்பு. ஆண்டுக்கு எத்தனை கிலோவாட் மணி என்பதும் அதில் இருக்கும்.

6. தவணை என்றால் மாதத் தொகையை மாத எண்ணிக்கையால் பெருக்கி, ரொக்க விலையைக் கழியுங்கள்.

7. கெட்டுப்போன பழைய பெட்டியைக் குப்பைத்தொட்டியிலோ செம்பனைக் காட்டோரத்திலோ போடாதீர்கள். மின்னணுக் கழிவு நம் நாட்டில் 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி பட்டியலிடப்பட்ட கழிவு. எல்இடிக்கு முந்திய எல்சிடிகளின் பின்விளக்கில் பாதரசம் உண்டு. மின்னணுக் கழிவுகளைப் பெறும் மையத்தில் ஒப்படையுங்கள்.

நண்பர்களே, இவற்றில் எதற்கும் பொறியியல் பட்டம் தேவையில்லை. படிவம் நான்கிலும் ஐந்திலும் படிக்கும் இயற்பியலும், பெருக்கலும், ஓர் அளவுநாடாவும் போதும். நாம் மூன்று மொழிகளில் படித்ததை வீட்டு மொழியில் பாட்டிக்கும் புரியும்படி சொல்லிவிட்டால், விற்பனையாளர் பேசும்போது நம் பெற்றோரும் தலையாட்டிவிட்டு வராமல் கேள்வி கேட்பார்கள். முதல் வேலையாக, இன்று இரவு உங்கள் வீட்டுத் தொலைக்காட்சியின் பின்புறம் எத்தனை வாட் என்று எழுதியிருக்கிறது எனப் பாருங்கள்.